இந்த ரசாயனத்தால் புற்றுநோய் வருமா? நாமே எடைபோட்டுப் பார்க்கும் முறை

2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும் அதையடுத்துத் தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது. துணிக்குப் போடும் ரோடமின் பி என்னும் சாயம் அதில் கலந்திருப்பதை ஆய்வகச் சோதனை காட்டியிருந்தது. உணவில் சேர்க்க அனுமதியில்லாத ஒரு சாயத்தைக் குழந்தைகள் தின்னும் பண்டத்தில் கலப்பது குற்றம். தடை விதித்தது சரியே. ஆனால் அந்த நாட்களில் கைப்பேசிகளில் சுற்றிய செய்திகளைப் படித்தவர்கள், திருவிழாவில் ஒருமுறை பஞ்சு மிட்டாய் வாங்கித் தின்ற பிள்ளைக்கும் புற்றுநோய் வந்துவிடும் என்று நடுங்கினார்கள். அப்படி நடுங்கிய வீடுகளில் சிலவற்றிலேனும், சாப்பாடு முடிந்ததும் பெரியவர்கள் வழக்கம்போல வெற்றிலை பாக்குப் போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ரோடமின் பி சாயத்தை "மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குமா என்று வகைப்படுத்த இயலாதது" என்னும் மூன்றாம் தொகுதியில் வைத்திருக்கிறது. கொட்டைப்பாக்கையும், புகையிலை சேராத வெற்றிலை பாக்கையும்கூட, "புற்றுநோய் உண்டாக்குவது உறுதி" என்னும் முதல் தொகுதியில் வைத்திருக்கிறது.

அச்சம் ஓரிடத்திலும் ஆபத்து வேறோரிடத்திலுமாக இருக்கும் இந்த நிலை எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஒரு குடும்பத்திடம் இருக்கும் நேரமும் பணமும் கவனமும் அளவானவை. அவற்றைத் தவறான பொருளின் மேல் செலவழித்துவிட்டால், உண்மையாகவே உயிரைக் குடிக்கும் பொருள் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே, ஒரு பொருளைப் பற்றிக் கேள்விப்பட்டதும் எந்த வரிசையில் என்னென்ன கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதை, வேதியியல் படிக்காதவரும் பின்பற்றும் வகையில் இங்கே எழுதுகிறேன். ஒரு நோட்டும் பேனாவும் பள்ளியில் படித்த பெருக்கல் வகுத்தலும் போதும்.

முதல் படி: பொருளின் சரியான பெயர்

"கெமிக்கல்" என்பது ஒரு பெயராகாது. "பிளாஸ்டிக்", "பெயின்ட்", "சாயம்" என்பனவும் பெயர்களாகா. ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான பொருள்களை உள்ளடக்கிய சொல். பெயர் சற்றே மாறினாலும் ஆபத்து தலைகீழாக மாறிவிடும் என்பதற்கு நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயே சான்று. 1974இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் நகரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர்களிடையே கல்லீரலில் ஆஞ்சியோசார்கோமா என்னும் மிக அரிய புற்றுநோய் ஒருவர்பின் ஒருவராகக் காணப்பட்டது. அவர்கள் சுவாசித்தது வினைல் குளோரைடு என்னும் வாயு. அந்த வாயுவின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து உருவாவதுதான் பி.வி.சி. வாயு முதல் தொகுதியில் இருக்கிறது. அதிலிருந்து செய்த பி.வி.சி. மூன்றாம் தொகுதியில் இருக்கிறது. "வினைல்" என்ற சொல்லைச் செய்தியில் பார்த்துவிட்டு வீட்டுக் குழாயைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை.

குரோமியமும் அப்படித்தான். தோல் பதனிடும்போது தொட்டியில் போடுவது மூன்று இணைதிறக் குரோமியம்; அதற்குப் புற்றுநோய் உண்டாக்கும் இயல்பு இருப்பதாகச் சான்று இல்லை. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலிலிருந்து நிலத்தடி நீரில் இறங்குவது ஆறு இணைதிறக் குரோமியம். அது முதல் தொகுதியைச் சேர்ந்தது. "தண்ணீரில் குரோமியம்" என்று மட்டும் ஓர் அறிக்கை சொன்னால், எந்தக் குரோமியம் என்று கேட்காமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

பெயரை எங்கே தேடுவது? பொட்டலத்தில் அடைத்த உணவென்றால் சேர்மானப் பட்டியலில் ஐ.என்.எஸ். எனப்படும் உணவுச் சேர்பொருள் எண் இருக்கும், 951 என்று இருந்தால் அது அஸ்பார்டேம் என்னும் இனிப்பூட்டி. பெயின்ட், தின்னர், பூச்சிக்கொல்லி, தொழிற்சாலைப் பொருள் என்றால் அதைத் தயாரிப்பவர் வெளியிடும் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதன் மூன்றாம் பகுதியில் சேர்மானங்களும் அவற்றின் சி.ஏ.எஸ். எண்களும் இருக்கும். இந்த எண் ஒரு பொருளுக்கு ஒன்றுதான். பென்சீனுக்கு 71-43-2, பார்மால்டிஹைடுக்கு 50-00-0. வணிகப் பெயர் எத்தனை மாறினாலும் எண் மாறாது. அதே தாளின் இரண்டாம் பகுதியில் எச்350 என்ற குறியீடு இருந்தால் "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்றும், எச்351 என்றிருந்தால் "உண்டாக்கலாம் என்ற ஐயம் உண்டு" என்றும் பொருள். மார்பில் நட்சத்திரம் வெடித்தது போன்ற மனித உருவம் டப்பாவின் மேல் அச்சிடப்பட்டிருந்தால், அந்தத் தாளைப் படிக்காமல் டப்பாவைத் திறக்காதீர்கள்.

இரண்டாம் படி: எந்தத் தொகுதி, அந்தத் தொகுதி எதைச் சொல்கிறது

பெயர் கிடைத்ததும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் பட்டியலைப் பாருங்கள். 1965இல் தொடங்கப்பட்டு பிரான்சின் லியோன் நகரிலிருந்து இயங்கும் இந்த அமைப்பின் பட்டியல் இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடியது. பொருளின் பெயரையோ சி.ஏ.எஸ். எண்ணையோ கொடுத்துத் தேடலாம். முதல் தொகுதி, புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்பது; இதில் 120க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. 2ஏ, உண்டாக்குவதற்கு வாய்ப்பு மிகுதி என்பது. 2பி, உண்டாக்கக்கூடும் என்பது. மூன்றாம் தொகுதி, இப்போதுள்ள சான்றைக் கொண்டு வகைப்படுத்த இயலாது என்பது. மூன்றாம் தொகுதியை "பாதுகாப்பானது" என்று வாசிப்பது தவறு. அது தீர்ப்பு எழுதப்படாத வழக்கு.

இங்கேதான் பெரும்பாலானவர்கள், செய்தி எழுதுபவர்கள் உட்பட, தடுமாறுகிறார்கள். தொகுதி எண் சொல்வது சான்றின் உறுதியை. ஆபத்தின் அளவை அது சொல்வதில்லை. 2015இல் பதப்படுத்திய இறைச்சி முதல் தொகுதியில் சேர்க்கப்பட்டபோது "புகைபிடிப்பதும் இதுவும் ஒன்று" என்று தலைப்புகள் வந்தன. அப்போது உலக சுகாதார நிறுவனம் தன் விளக்கத்தில் சுட்டிய மதிப்பீடுகளைப் பாருங்கள்: பதப்படுத்திய இறைச்சி மிகுந்த உணவுப் பழக்கத்தால் உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 34,000 புற்றுநோய் மரணங்கள், காற்று மாசால் 2 லட்சத்துக்கும் மேல், மதுவால் 6 லட்சம், புகைபிடிப்பதால் 10 லட்சம். நான்கும் ஒரே தொகுதி. ஒரு வழக்கில் திருடியவர் இவர்தான் என்று நிரூபணமாகிவிட்டது என்பதால், அவர் திருடியது ஒரு தேங்காயா ஒரு தோப்பா என்பது தெரிந்துவிடாது.

2பி தொகுதிக்குள் எட்டிப் பார்த்தால் அச்சம் சற்றுத் தெளியும். பீரோவில் போடும் பாச்சை உருண்டையிலுள்ள நாப்தலின், கற்றாழையின் முழு இலைச் சாறு, சீன, கொரிய, ஜப்பானிய முறையில் புளிக்கவைத்த காய்கறிகள், 2023இல் சேர்ந்த அஸ்பார்டேம் எல்லாம் அங்கே இருக்கின்றன. பட்டியல் மாறாததும் அன்று. ஒருகாலத்தில் ஐயத்துக்குரியதாக 2பி தொகுதியில் இருந்த காப்பி, 2016இல் மூன்றாம் தொகுதிக்கு இறக்கப்பட்டது. அதே ஆண்டில், எந்தப் பானமானாலும் 65 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் குடிப்பது 2ஏ தொகுதியில் சேர்ந்தது. நம் கடை டம்ளர்க் காப்பியில் கவனிக்க வேண்டியது காப்பித்தூளைவிடச் சூட்டைத்தான்.

மூன்றாம் படி: சான்று யாரிடமிருந்து வந்தது

பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் மூன்று வகைச் சான்றுகளில் ஒன்றோ பலவோ இருக்கும்: மனிதர்களிடம் கண்டது, விலங்குகளிடம் கண்டது, உயிரணுவுக்குள் நடப்பதைப் பற்றியது. மனிதச் சான்றில் பெரும்பங்கு தொழிலாளர்களின் உடலிலிருந்து வந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. 1775இல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைக்கூண்டு துடைக்கும் தொழிலாளர்களிடையே விதைப்பைத் தோலில் புற்றுநோய் மிகுந்திருப்பதைக் கண்டு அதற்குப் புகைக்கரியே காரணம் என்று எழுதினார். சிறு பிள்ளைகளாக இருந்தபோதே கூண்டுக்குள் இறக்கப்பட்டவர்கள் அவர்கள். பென்சீன், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்), சாயத் தொழிலின் பென்சிடின் என்று இன்று நாம் உறுதியாக அறிந்திருக்கும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒரு தொழிலாளர் கூட்டம் நிற்கிறது. அவர்கள் பெற்ற அளவு மிக அதிகம் என்பதால், அந்த முடிவை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவர முடியாது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

விலங்குச் சான்றை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். சாக்கரின் கலந்த உணவைத் தின்ற எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது என்பதால் 1977இல் அமெரிக்கா சாக்கரின் பொட்டலங்களில் எச்சரிக்கை அச்சிட வைத்தது. பின்னர் நடந்த ஆய்வுகள், ஆண் எலியின் சிறுநீருக்கே உரிய தன்மையால் அதில் படிவுகள் உண்டாகிப் பையின் சுவரை உறுத்துவதே காரணம் என்றும், மனிதரிடம் அப்படி நடப்பதில்லை என்றும் காட்டின. 2000இல் அமெரிக்க அரசின் பட்டியலிலிருந்து சாக்கரின் நீக்கப்பட்டது. மறுபக்கம், மாவுப் பண்டங்களை 120 பாகைக்கு மேல் பொரிக்கும்போதும் சுடும்போதும் உண்டாகும் அக்ரிலமைடு, விலங்குகளில் தெளிவாகவே புற்றுநோய் உண்டாக்குகிறது. உணவில் அது இருப்பதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் அறிவித்த பிறகு மனிதர்களிடம் நடத்திய உணவு ஆய்வுகள் ஒரே திசையில் முடிவு தரவில்லை. இத்தகைய இடத்தில் நான் செய்வது, முறுக்கையும் உருளைக்கிழங்கு வறுவலையும் கருஞ்சிவப்பாகும் வரை விடாமல் பொன்னிறத்திலேயே எடுத்துவிடுவது. செலவில்லாத எச்சரிக்கைக்குச் சான்று முழுமையடையும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: உடலுக்குள் எந்த வழியாக நுழைகிறது

பாம்புக்கு நஞ்சு உண்டு என்பது ஒரு செய்தி. அது காட்டுப் புற்றில் இருக்கிறதா, கட்டிலுக்கடியில் இருக்கிறதா என்பது வேறு செய்தி. பட்டியல் முதல் செய்தியை மட்டுமே தருகிறது. இரண்டாவதை நாம்தான் வீட்டைச் சுற்றிப் பார்த்து எழுத வேண்டும்.

கல்நார்க் கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்று நாம் சொல்லும் அந்தத் தகட்டில் கல்நார் இழைகள் சிமென்ட்டோடு இறுகியிருக்கின்றன. உடையாமல், அரிக்காமல் தலைக்கு மேல் கிடக்கும் வரை அது காற்றில் விடும் இழை மிகக் குறைவு. அதை அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைத்து மண்ணில் கொட்டும்போதும், கம்பித் தூரிகையால் பாசியைத் தேய்க்கும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறந்து நுரையீரலின் அடிவரை செல்கின்றன. நோய் தலைகாட்ட முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகும் என்பதால், துளையிட்டவர் மறுநாள் நன்றாகத்தான் இருப்பார். அந்த நலத்தை எவரும் சான்றாகக் கொள்ள வேண்டாம். கூரையின் கீழே வாழ்பவருக்கும் கூரையை அறுக்கும் தொழிலாளிக்கும் பொருள் ஒன்று, ஆபத்து வேறு. அறுத்தே ஆக வேண்டுமென்றால் தகட்டை நன்றாக நனைத்துவிட்டு, மின் ரம்பத்தைத் தவிர்த்துக் கை ரம்பத்தால், வெட்ட வெளியில், இழைகளை வடிகட்டும் தரமான முகமூடியோடு செய்ய வேண்டும். குழந்தைகள் அங்கே நிற்கக் கூடாது. துண்டுகளைப் பொடியாக்காமல் ஈரத்தோடு பையில் கட்டிவிட வேண்டும். இழையைத் துடைப்பத்தால் பெருக்குவது அதை மறுபடி பறக்கவிடுவதாகும், ஈரத்துணியால் துடையுங்கள்.

தலைச்சாயம் இன்னொரு பாடம். வீட்டில் தனக்குத்தானே சாயம் பூசிக்கொள்வது மூன்றாம் தொகுதியில் இருக்கிறது. முடிதிருத்தும் நிலையத்திலும் அழகு நிலையத்திலும் அந்த வேலை செய்வது 2ஏ தொகுதியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை சாயம் தொடுபவரும், ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் பல தலைகளுக்குக் கையால் சாயம் பூசுபவரும் ஒன்றல்லர். கையுறை யாருக்கு அவசரம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

கொசுவர்த்திச் சுருளைப் பற்றி ஒரு கணக்கு அடிக்கடி சுற்றுகிறது: ஒரு சுருள் நூறு சிகரெட்டுக்குச் சமம் என்பது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் சுருள்களை எரித்து அளந்த 2003ஆம் ஆண்டு ஆய்வொன்றிலிருந்து அது வருகிறது. ஒரு சுருள் காற்றில் விடும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் எடைக்குச் சமம் என்று அந்த ஆய்வு சொன்னது. அளந்தது வெளியே வரும் துகளை. புகைபிடிப்பவர் புகையை நேரே நுரையீரலுக்குள் இழுக்கிறார். சுருளின் புகை அறை முழுவதும் பரவி, அதில் ஒரு சிறு பங்குதான் மூச்சில் சேர்கிறது. ஆகவே "நூறு சிகரெட் குடித்ததற்குச் சமம்" என்பது ஆய்வு சொல்லாத முடிவு. ஆனால் சன்னலை அடைத்துக்கொண்டு, கைக்குழந்தையின் தலைமாட்டில் இரவு முழுவதும் சுருளை எரிப்பது நல்லதன்று என்பதற்கு அந்த மிகைக் கூற்று தேவையே இல்லை. கொசுவலை இருக்கும்போது சுருள் எதற்கு?

ஐந்தாம் படி: எவ்வளவு, எத்தனை காலம்

இந்தப் படிதான் கடினம் என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். இதைச் செய்யாமல் மற்ற படிகளை மட்டும் செய்வது, விலை கேட்காமல் கடையைச் சுற்றிவிட்டு வருவது போன்றது.

முதலில் எளிய கணக்கு ஒன்று. உணவில் சேர்க்கும் பொருள்களுக்கு, வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு நாளும் உட்கொண்டாலும் தீங்கு எதிர்பார்க்கப்படாத அளவை நிபுணர் குழுக்கள் வகுத்திருக்கின்றன. அஸ்பார்டேமுக்கு அது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம். உங்கள் எடை 60 கிலோ என்றால் 2,400 மில்லிகிராம். சர்க்கரையில்லாத குளிர்பானக் குப்பி ஒன்றில் 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று கொண்டால், நாள்தோறும் 8 முதல் 12 குப்பிகள் குடித்தால்தான் அந்த எல்லையைத் தொடுவீர்கள். 2023இல் அஸ்பார்டேம் 2பி தொகுதியில் சேர்ந்த அதே நாளில், உணவுச் சேர்பொருள்களுக்கான பன்னாட்டுக் குழு இந்த எல்லையை மாற்றத் தேவையில்லை என்றும் அறிவித்தது. முதல் செய்தி பரவிய அளவுக்கு இரண்டாவது பரவவில்லை. எடை குறைந்த சிறு பிள்ளைக்கு இந்தக் கணக்கைத் தனியே போட வேண்டும்: 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு எல்லை 600 மில்லிகிராம், அதாவது இரண்டு மூன்று குப்பிகள்தான்.

உயிரணுவின் மரபுப் பொருளையே சிதைக்கும் பொருள்களுக்கு இப்படிப் பாதுகாப்பான எல்லை வகுப்பதில்லை. அளவு குறையக் குறைய ஆபத்தும் குறையும், ஆனால் சுழியத்தைத் தொடாது என்று கொண்டு கணக்கிடுகிறார்கள். பென்சீன் அத்தகையது, ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டின்படி, கன மீட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் பென்சீன் உள்ள காற்றை வாழ்நாள் முழுவதும் சுவாசித்தால், பத்து லட்சம் பேரில் கூடுதலாக 2.2 முதல் 7.8 பேர் வரை புற்றுநோய்க்கு ஆளாகக்கூடும். இந்தியாவில் காற்றிலுள்ள பென்சீனுக்கு ஆண்டுச் சராசரி வரம்பு 5 மைக்ரோகிராம். பெருக்கினால் 11 முதல் 39 பேர். இந்த எண் பெரிதா சிறிதா? இந்தியர்களில் ஏறக்குறைய ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரக்கூடும் என்று தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் ஆய்வாளர்கள் 2022இல் மதிப்பிட்டார்கள். பத்து லட்சத்தில் அது 1,11,000 பேர். அந்தப் பெருந்தொகையோடு இந்த 39ஐக் கூட்டிப் பாருங்கள். தனியொருவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. அரசோ, கோடிக்கணக்கானவர்கள் அதே காற்றைச் சுவாசிப்பதால், வரம்பைக் கட்டாயம் காக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

இதே கணக்கைப் பணியிடத்துக்கு நகர்த்தினால் காட்சி மாறிவிடும். அமெரிக்காவில் பணியிடக் காற்றில் பென்சீனுக்கு எட்டு மணி நேரச் சராசரியாக அனுமதிக்கும் அளவு பத்து லட்சம் பங்கில் ஒரு பங்கு. அது கன மீட்டருக்கு ஏறக்குறைய 3,200 மைக்ரோகிராம். நம் வெளிக்காற்று வரம்பைப் போல 600 மடங்குக்கும் மேல். பெட்ரோலில் ஒரு விழுக்காடு வரை பென்சீன் இருக்கலாம் என்பதை எண்ணிப் பார்த்தால், பெட்ரோல் பங்கில் நாள் முழுவதும் நிற்கும் இளைஞரும், கையைப் பெட்ரோலில் கழுவும் மெக்கானிக்கும் நம் கவலைப் பட்டியலில் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது தெரியும். பெட்ரோலால் கை கழுவுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்; சோப்பும் தேங்காய் எண்ணெயும் கிரீஸை எடுக்கும்.

சட்ட வரம்புக்குள் இருக்கிறது என்பதால் ஆபத்தே இல்லை என்று கொள்ளவும் கூடாது. குடிநீரில் ஆர்செனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது தற்காலிக வரம்பு என்றே அந்நிறுவனம் குறிப்பிடுகிறது. அதற்குக் கீழே நீக்குவது நடைமுறையில் கடினம் என்பது அதற்கு ஒரு காரணம்.

வயதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மரபுப் பொருளைச் சிதைத்துப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களுக்கு, குறிப்பிட்ட தரவு இல்லாதபோது, இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு 10 மடங்கும், 2 முதல் 16 வயதுக்குட்பட்டோருக்கு 3 மடங்கும் ஆபத்தைக் கூட்டிக் கணக்கிட வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2005இல் வழிகாட்டியது.

ஆறாம் படி: விழுக்காட்டை ஆட்களாக மாற்றுங்கள்

"புற்றுநோய் ஆபத்து 18 விழுக்காடு உயர்வு" என்ற தலைப்பைப் பார்த்ததும் கேட்க வேண்டியது, எதிலிருந்து 18 விழுக்காடு என்பதுதான். நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பதால் பெருங்குடல் புற்றுநோய்க்கு வரும் உயர்வு அது. வாழ்நாளில் நூறு பேரில் ஐந்து பேருக்கு அந்நோய் வரும் ஒரு நாட்டில், அது ஏறக்குறைய ஆறு பேராகும். இந்தியாவில் அந்நோய் மேலை நாடுகளைவிடக் குறைவு என்பதால் உயர்வும் ஆள் கணக்கில் குறைவாகவே இருக்கும். புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்போ 15 முதல் 30 மடங்கு. விழுக்காட்டில் சொல்லும் உயர்வையும் மடங்கில் சொல்லும் உயர்வையும் ஒரே மூச்சில் பேசுகிறவர் உங்களைக் குழப்புகிறார்.

வெளிநாட்டுப் பொருள்களின் மேல் "இது புற்றுநோய் உண்டாக்கும் என்று கலிபோர்னியா மாநிலம் அறிந்திருக்கிறது" என்ற வாசகத்தைக் கண்டு பயந்து எழுதுகிறவர்கள் உண்டு. 1986இல் அங்கே வாக்கெடுப்பில் நிறைவேறிய சட்டத்தின்படி, ஒரு பொருளால் வாழ்நாளில் ஒரு லட்சம் பேரில் ஒருவருக்குக் கூடுதலாக நோய் வரக்கூடும் என்ற நிலைக்கு மேற்பட்டாலே எச்சரிக்க வேண்டும். வழக்குக்கு அஞ்சி அளந்தே பார்க்காமல் அச்சிடுபவர்களும் பலர். அந்த வாசகத்தைக் கண்டால் மீண்டும் முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.

ஏழாம் படி: நோட்டில் வரிசைப்படுத்துங்கள்

இப்போது உங்கள் வீட்டுக்கான பட்டியலை எழுதுங்கள். சான்று உறுதி, அளவு அதிகம், காலம் நீண்டது, நிறுத்துவது நம் கையில் என்ற நான்கும் சேர்ந்தவை மேலே வர வேண்டும். பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் அந்த வரிசை ஏறக்குறைய இப்படித்தான் அமையும் என்று நினைக்கிறேன்: பீடி, சிகரெட், அவற்றின் புகையை அருகிலிருந்து சுவாசிப்பது, புகையிலையும் பாக்கும், மது, அதன்பின் வீட்டிலுள்ளவர் பார்க்கும் தொழில், அடுப்புப் புகை, பூஞ்சை பிடித்த தானியமும் கடலையும்.

பாக்கைப் பற்றி மட்டும் சற்று நிற்க விரும்புகிறேன். தாம்பூலம் நம் மங்கலப் பொருள். அதைக் குறை சொல்வது மனத்துக்குக் கடினமாக இருக்கிறது. தட்டில் வைத்துக் கொடுப்பதில் கேடொன்றுமில்லை. நாள்தோறும் மென்று கன்னத்தில் அடக்கிக்கொள்வதில்தான் கேடு இருக்கிறது. பாக்கு மெல்பவருக்கு வாயின் உட்புறத் தோல் இறுகி, வாயை முழுவதும் திறக்க முடியாமல் போகும் நோய் வரலாம். அது புற்றுநோயாக மாறக்கூடியது. இனிப்பும் மணமும் சேர்த்துச் சிறு பொட்டலங்களில் விற்கும் பாக்குத்தூள் பள்ளிப் பிள்ளைகளின் சட்டைப் பையில் இருப்பதைப் பார்க்கும்போது, பஞ்சு மிட்டாய்க்குக் காட்டிய வேகத்தில் பாதியாவது இதற்குக் காட்டக் கூடாதா என்று கேட்கத் தோன்றுகிறது.

அடுப்பில், நிலக்கரிப் புகை முதல் தொகுதியிலும் விறகுப் புகை 2ஏ தொகுதியிலும் இருக்கின்றன; உயர் வெப்பத்தில் எண்ணெயில் பொரிக்கும்போது எழும் ஆவியும் 2ஏ. சன்னலைத் திறப்பதும் புகைபோக்கியை ஓடவிடுவதும் செய்யக்கூடியவை. நிலக்கடலை, கொப்பரை, மக்காச்சோளம், மிளகாய் ஆகியவற்றில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சை தரும் அஃப்ளாடாக்சின் முதல் தொகுதி, கல்லீரலைத் தாக்கும், சமைக்கும் சூட்டில் முழுவதும் அழியாது. சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் கடலையைப் பொறுக்கி எறியுங்கள். கோழிக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள்.

இரண்டு ஆபத்துகள் சேரும்போது கூட்டாமல் பெருக்க வேண்டிய இடங்களும் உண்டு. ஹெபடைட்டிஸ் பி கிருமி உள்ளவருக்கு அஃப்ளாடாக்சின் மிகக் கொடிது. அதற்கான தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கு இலவசம். கல்நாரில் வேலை செய்தவர் புகையும் பிடித்தால் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு பன்மடங்காகும். அவருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி புகையை விட வைப்பது.

ஏற்கெனவே நோயுற்ற ஒருவரின் படுக்கையருகே இந்த நோட்டைத் திறக்காதீர்கள். மேலே சொன்ன கணக்குகள் அனைத்தும் பெருந்திரளான மக்களைப் பற்றியவை. இன்னாருக்கு இன்னதால் வந்தது என்று அவை பெரும்பாலும் சொல்லாது. "நீ அதைத் தின்றாய், இதைப் பூசினாய்" என்று நோயாளியைக் குற்றம் சாட்ட அவற்றைப் பயன்படுத்துவது கொடுமை.

சாயப்பட்டறை, தோல் தொழில், பெயின்ட் அடித்தல், மர வேலை, கல்நார், பெட்ரோல் பங்க் ஆகியவற்றில் நீண்ட காலம் இருந்தவர்கள் ஒரு தனித் தாளில் தங்கள் தொழில் வரலாற்றை எழுதி வையுங்கள்: எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, என்ன வேலை, எந்தப் பொருள், முகமூடியும் கையுறையும் இருந்தனவா, வேலை உடையோடு வீட்டுக்கு வந்தீர்களா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பரபரப்பான மருத்துவமனையில் இந்தக் கேள்விகளைக் கேட்க மருத்துவருக்கு நேரம் கிடைக்காமல் போகலாம். தாளை நீங்களே நீட்டுங்கள். சாயத்தொழிலில் இருந்தவருக்குச் சிறுநீரில் ஒரே ஒருமுறை ரத்தம் தென்பட்டாலும், வலி இல்லாவிட்டாலும், மறுநாள் தானாக நின்றுவிட்டாலும், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அதே வாரத்தில் மருத்துவரிடம் போக வேண்டும்.